ஒரு டிரம் சுத்தமான தண்ணீர்

வேலை பார்த்த அச்சகம் மூடிய பிறகு மனைவியின் வீட்டுக்கு வந்து தங்கிவிட்ட மாப்பிள்ளைக்கு அங்கே எந்தக் குறையும் இல்லை. நேரத்துக்குச் சாப்பாடு, தலைக்கு மேலே மின்விசிறி, வாய் நிறைய 'மாப்பிள்ளை'. அவன் பேச்சு எடுபடாது, அவ்வளவுதான். எதைச் சொன்னாலும் மாமனார் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "பாக்கலாம் மாப்ளே" என்பார். அந்தப் 'பாக்கலாம்' எந்தக் காலத்திலும் பார்க்கப்படாது என்பது கொட்டகையில் நின்ற கறவை மாடுகளுக்குக்கூடத் தெரியும்.

வீட்டோடு மாப்பிள்ளை என்று யாரும் அவன் முகத்துக்கு நேரே சொன்னதில்லை. சொல்லியிருந்தால் ஒருமுறை சண்டை போட்டுத் தீர்த்திருப்பான். யாரும் சொல்லாததால் எல்லோரும் சொல்வதாகவே அவனுக்குப் பட்டது. குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு முற்றத்தில் நடக்கும்போதுகூட, வாடகைக்கு எடுத்த குழந்தை மாதிரி ஒரு கூச்சம்.

அந்த வீட்டில் அவனை ஒரு பொருட்டாக மதித்தது மாமியார் மட்டும்தான். அவளுக்கு உலகத்தில் இரண்டே கட்சி: சுத்தம் ஒரு பக்கம், கிருமி ஒரு பக்கம். பால் தொழிலில் அப்படித்தான் இருக்க முடியும். ஒரு கேனில் கிருமி ஏறினால் மொத்தப் பாலும் திரிந்து தலையில் துண்டு போட்டுக்கொள்ள வேண்டியதுதான். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து பால் அறை அவள் ராஜ்ஜியம். கேன்களை வெந்நீரில் அலசுவாள், பிளீச்சிங் பவுடர் கரைத்த தண்ணீரில் முக்குவாள், வெயிலில் கவிழ்ப்பாள். விரல் நுனியெல்லாம் தோல் உரிந்து வெளுத்திருக்கும். பால் வண்டிக்காரர் மற்ற வீட்டுக் கேன்களை மூக்கருகே கொண்டுபோய் மோந்து பார்ப்பார். இவள் கேனை மட்டும் மூடியைத் திறக்காமல் ஏற்றிக்கொள்வார். அவளுக்குத் தங்க நகையெல்லாம் அப்புறம்தான், அந்த ஒரு மரியாதைக்கு உயிரை விடுவாள்.

மழைக்காலத்தில் அங்கே புல் ஆள் உயரத்துக்கு நிற்கும். கோடை வந்தால் தரை பிளந்து கிடக்கும். அதனால் ஒவ்வொரு வருஷமும் புல்லை அறுத்து, வாட்டி, நறுக்கி, குழியில் போட்டு, டிராக்டரை ஏற்றி மிதித்து, காற்றுப் புகாமல் தார்ப்பாயால் மூடி வைப்பார்கள். உள்ளே அது மெல்லப் புளித்து ஊறுகாய்ப் புல்லாகிவிடும். மாடுகள் கோடை முழுவதும் அதைத்தான் தின்னும். மாமனாரின் குழியில் வருஷா வருஷம் மேல்பக்கமும் ஓரமும் பூஞ்சணம் பிடித்துக் கால்வாசி குப்பைக்குப் போகும். "மண்ணுக்குள்ள போட்டா மண்ணு அதோட பங்கை எடுத்துக்கும்" என்று அவர் அதற்கும் ஒரு சமாதானம் வைத்திருந்தார்.

கால்நடை டாக்டரிடமிருந்து மாப்பிள்ளை அந்தப் பொடியைப் பற்றிக் கேள்விப்பட்டான். தண்ணீரில் கலந்து புல்லின் மேல் தெளித்தால் போதும், புல் சீக்கிரம் புளித்துவிடும், கெடுவது குறையும், மாடு விரும்பித் தின்னும், பாலும் கூடும். ஒரு வாரம் மாமனார் பின்னாலேயே அலைந்தான். கொட்டகை, பம்புசெட், சாப்பாட்டு மேசை, எங்கே போனாலும் பொடிதான் பேச்சு. பதில் மட்டும் பழையதுதான்: "பாக்கலாம்."

கடைசியில் மாமியார்தான் வாயைத் திறந்தாள். "என்ன சும்மா பாக்கலாம் பாக்கலாம்னு? வாயைத் திறந்து ஒண்ணு கேக்கறார். பண்ணித்தான் பாருங்களேன்."

மாமனார் அவளைப் பார்த்தார், மாப்பிள்ளையைப் பார்த்தார். "வாங்கிட்டு வாங்க மாப்ளே" என்றார். அன்று இரவு அவனுக்குச் சாப்பாடு இறங்கவில்லை, சந்தோஷம்தான் காரணம்.

ஒரு சிக்கல் இருந்தது. அந்தப் பொடி என்பது உயிருள்ள கிருமி. பாக்கெட்டுக்குள் தூங்கிக்கொண்டிருக்கும், தண்ணீர் பட்டால் விழித்துக்கொண்டு புல்லில் இருக்கும் சர்க்கரையைத் தின்று புளிக்கவைக்கும். நல்ல கிருமிதான். ஆனால் கிருமி என்ற சொல்லை மாமியார் காதில் போட்டால் என்ன நடக்கும் என்று அவனுக்குத் தெரியும். வாசலோடு திருப்பி அனுப்பிவிட்டு வாசலையும் கழுவிவிடுவாள். எதற்கு வீண் வம்பு என்று நினைத்தான்.

"என்ன பொடி மாப்பிள்ளை இது?" என்று அவள் கேட்டபோது, "மருந்து அத்தை. புல்லு கெடாம இருக்கறதுக்கு" என்றான்.

"மருந்தா? அப்ப நல்லதுதான்" என்றாள் மாமியார்.

அறுத்த புல்லை வயலில் வாடவிட்டிருந்தார்கள். மறுநாள் காலையில் மேகம் கட்டிக்கொண்டு, விட்டு விட்டுத் தூறியது. மாமனார் ஒரு பிடி புல்லை எடுத்து முறுக்கிப் பார்த்தார். விரலிடுக்கில் தண்ணீர் கசிந்தது.

"ஈரம் போகல மாப்ளே. வெயில் வரட்டும். அப்புறம் போட்டுக்கலாம்."

டிராக்டர்காரர் ஏற்கெனவே வந்து நின்றிருந்தார். எதையும் ஆற அமரச் செய்கிறவர் என்பதால் ஊரே அவரை 'அவசரம்' என்று கூப்பிடும். "இன்னைக்கு விட்டா நான் அடுத்த வாரம்தான்" என்றார் அவசரம், டிராக்டரிலிருந்து இறங்காமலே. அடுத்த வாரம் வரை மழை பிடித்துக்கொண்டால் அறுத்த புல் வயலிலேயே அழுகும். யாராவது ஒருவர் முடிவு சொல்ல வேண்டியிருந்தது. மாப்பிள்ளைக்கு நாக்கு துறுதுறுத்தது.

"மருந்து இருக்கு மாமா. ஈரத்தையெல்லாம் அது பாத்துக்கும். போட்டுடலாம்."

மாமனார் கொஞ்ச நேரம் வானத்தைப் பார்த்தார். "சரி. உங்க இஷ்டம்" என்றார். வந்து தங்கியதிலிருந்து அந்தச் சொல்லுக்காகத்தான் காத்திருந்தான். அது கிடைத்ததும் தலைகால் புரியவில்லை. "அத்தை, ஒரு டிரம் நல்ல தண்ணியாப் பிடிச்சு வைங்க, மருந்து கலக்கணும்" என்று உள்ளே பார்த்துக் குரல் கொடுத்துவிட்டு வயலுக்கு ஓடினான்.

திரும்பி வந்தபோது டிரம் பளபளவென்று தேய்த்துக் கழுவி, விளிம்பு வரை தண்ணீர் நிரப்பி, தூசி விழாமல் வெள்ளைத் துணியால் மூடி வைத்திருந்தது. துணியை எடுத்ததும் பிளீச்சிங் பவுடர் வாசம் மூக்கில் ஏறியது. அவன் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. அந்த வீட்டில் எல்லாவற்றிலும் அந்த வாசம் உண்டு. துவாலையில், குழந்தையின் தொட்டிலில், சில நாள் சாதத்தில்கூட. பொடியைக் கொட்டிக் கலக்கினான். லோடு லோடாகப் புல் விழ விழத் தானே நின்று தெளித்தான். அவசரம் டிராக்டரை ஏற்றி இறக்கி மிதித்தார். சாயங்காலம் தார்ப்பாயை இழுத்து மூடி, மேலே பழைய டயர்களை அடுக்கினார்கள்.

அதற்குப் பிறகு வந்த நாட்கள்தான் அந்த வீட்டில் அவன் அனுபவித்த நல்ல நாட்கள். பால் வண்டி வரும் இடத்தில் நின்று நாலு பேருக்குப் பொடியின் பெருமையை எடுத்துச் சொன்னான். அவர்கள் அவனுக்குப் 'பாக்கெட் மாப்பிள்ளை' என்று பேர் வைத்தார்கள். அவன் அதையும் பட்டம் போலத்தான் வாங்கிக்கொண்டான்.

கோடையில் குழியைத் திறந்த அன்று முதலில் வந்தது நாற்றம். நல்ல ஊறுகாய்ப் புல் புளித்த காடி மாதிரி சுள்ளென்று மணக்கும், மஞ்சளும் பச்சையுமாக உதிரும். இது கெட்டுப்போன வெண்ணெயும் வாந்தியும் சேர்ந்த மாதிரி குடலைப் பிரட்டியது. பழுப்பாக, வழவழவென்று கையில் ஒட்டியது. எவ்வளவு கழுவினாலும் கையை விட்டுப் போகவில்லை. மாப்பிள்ளை ஓரத்தில் தோண்டிப் பார்த்தான், நடுவில் தோண்டினான், முட்டியளவு ஆழத்துக்குப் போனான். எங்கே தோண்டினாலும் அதுதான். மாமனார் குழியின் விளிம்பில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு வார்த்தை திட்டவில்லை. திட்டியிருக்கலாம்.

"கால்வாசிதான் போயிட்டிருந்துச்சு" என்று மட்டும் சொல்லிவிட்டு வீட்டுக்கு நடந்தார்.

வேறு தீவனத்துக்கு வழி இல்லை. ரொம்ப மோசமானதை ஒதுக்கிவிட்டு, மீதியை வைக்கோலோடு கலந்து போட்டார்கள். மாடுகள் முகர்ந்து பார்த்துவிட்டுத் தலையைத் திருப்பிக்கொண்டன. பசி தாங்காமல் தின்றபோது பால் வற்றியது. சில வாரம் கழித்து, சினையாக இருந்த செவலைப் பசு ஒரு பக்கமாகத் தலையைச் சாய்த்துக்கொண்டு கொட்டகைக்குள் வட்டம் போட ஆரம்பித்தது. ஒரே பக்கமாக, நிற்காமல், சுவரில் இடித்தாலும் விலகத் தெரியாமல் சுற்றியது. ஒரு காது தொங்கிவிட்டது. வாயோரம் எச்சில் வழிந்தது.

டாக்டர் வந்தபோது மாமனார் வைக்கோல் தேடி வெளியே போயிருந்தார். டாக்டர் ஊசி போட்டார், குழிப்பக்கம் போய் ஒரு பிடியை எடுத்துப் பார்த்தார், முகத்தைச் சுளித்தார். "கெட்ட தீவனத்துல வர்ற கிருமி. மூளைக்கு ஏறிடுச்சு. இது பிழைக்கறது கஷ்டம்" என்றார். பிறகு, "பொடி போட்டீங்கதானே? என்ன தண்ணியில கலந்தீங்க?" என்று கேட்டார்.

"கிணத்துத் தண்ணி டாக்டர்" என்றான் மாப்பிள்ளை.

டாக்டர் கை கழுவ வாளியும் சோப்புமாக மாமியார் அங்கேயே நின்றிருந்தாள். மாப்பிள்ளையை விட்டுக்கொடுக்க அவளுக்கு மனசு வரவில்லை. "தண்ணியிலெல்லாம் ஒரு குத்தமும் சொல்ல முடியாது டாக்டர்" என்றாள் பெருமையாக. "டிரம்மை நானே தேச்சுக் கழுவினேன். கிணத்துத் தண்ணியில புழு பூச்சி இருக்குமேன்னு ஒரு கை பிளீச்சிங் பவுடரும் போட்டு வச்சேன். அவ்வளவு சுத்தம்."

டாக்டர் கையைக் கழுவி, துடைத்து, வண்டியருகே போன பிறகுதான் குரலைத் தாழ்த்திச் சொன்னார். "பொடியில இருந்தது பூரா அந்தத் தண்ணியிலேயே செத்திருக்கும். நீங்க தெளிச்சது வெறும் தண்ணி."

"அப்ப அதனாலதான் கெட்டுச்சா டாக்டர்?"

"அதனாலயும்தான். புல்லைப் பாத்தா ஈரத்தோட போட்ட மாதிரி இருக்கு. அவ்வளவு ஈரம் இருந்தா நல்ல பொடி போட்டாலும் சில சமயம் இப்படித்தான் ஆகும். எதனால எவ்வளவுன்னு யாராலயும் பிரிச்சுச் சொல்ல முடியாது. அந்தம்மாவுக்குத் தெரியலன்னா நீங்களாவது சொல்லியிருக்கலாம், இது உயிருள்ள சரக்குன்னு." டாக்டர் வண்டியை உதைத்துக் கிளப்பினார்.

"என்ன மாப்பிள்ளை சொன்னார்?" என்று மாமியார் கேட்டாள். "ஒண்ணும் இல்ல அத்தை" என்றான்.

செவலை மறுநாள் சாய்ந்தது. கன்று வயிற்றிலேயே போய்விட்டது. அன்று மாலை சாப்பாட்டு மேசையில் மாமனார் யார் முகத்தையும் பார்க்காமல் பேசினார். பாதி மாடுகளை விற்றுவிடப் போவதாகச் சொன்னார். தெரிந்தவர் ஒருவர் நகரத்தில் கிடங்கு வைத்திருக்கிறார். அங்கே ஆள் வேண்டுமாம்.

"நீங்க அங்க போய்ச் சேந்துக்கங்க மாப்ளே. தங்க இடமும் அவரே தர்றார். பொண்ணும் குழந்தையும் இங்கயே இருக்கட்டும். லீவு கிடைக்கும்போது வந்து பாத்துட்டுப் போங்க."

மரியாதையில் ஒரு குறையும் வைக்கவில்லை. வாங்க போங்க என்றுதான் சொன்னார். மனைவி தட்டிலிருந்து தலையைத் தூக்கவில்லை. அப்பா சொல்வது சரிதான் என்று அவளும் நினைக்கிறாளோ என்று மாப்பிள்ளைக்குத் தோன்றியது. மாமியார் மட்டும், "அவர் என்ன பண்ணுவார்? வேணும்னேவா கெடுத்தார்? மனுஷன்னா நாலு விஷயம் பண்ணிப் பாக்கறதுதான்" என்று சாதத்தைப் பரிமாறியபடியே சொல்லிக்கொண்டிருந்தாள். அவனுக்காகப் பேசிய ஒரே வாய் அது. அவள் பேசி முடிப்பதற்குள் அவன் வாயிலிருந்து அது வந்துவிட்டது.

"பொடி மேல தப்பு இல்ல மாமா. தண்ணியில பிளீச்சிங் பவுடர் இருந்திருக்கு. அத்தை போட்டிருக்காங்க. அதுல பொடி செத்துப்போச்சுன்னு டாக்டர் சொன்னார்."

சொல்லிவிட்டு நிறுத்திக்கொண்டான். ஈரத்தைச் சொல்லவில்லை. மருந்து என்று தான் சொன்ன பொய்யைச் சொல்லவில்லை. டிரம்மைத் திறந்ததும் வாசம் வந்ததைச் சொல்லவில்லை. சொன்னதெல்லாம் உண்மைதான் என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டான். அதனால்தான் அது அவ்வளவு சுலபமாக வந்தது.

மாமியாரின் கரண்டி பாதியில் நின்றது. "செத்துப்போச்சா? மருந்து எப்படிச் சாகும் மாப்பிள்ளை?" என்று கேட்டாள். நிஜமாகவே புரியாமல்தான் கேட்டாள்.

மாமனார் அவளையே பார்த்தார். "கழுவிக் கழுவி," என்றார், "கடைசியில என் மாட்டையே கழுவிட்டியே." சிரித்தாரோ என்னவோ, மூச்சு மட்டும் வெளியே வந்தது. தட்டை நகர்த்திவிட்டு எழுந்து போனார். கிடங்குப் பேச்சு அதோடு நின்றுபோனது. மாப்பிள்ளையின் பெட்டி பரண்மேலேயே இருந்தது.

அவன் ஜெயித்துவிட்டான். அதற்குப் பிறகு அந்த வீட்டில் அவன் பேச்சுக்குத் தனி மதிப்பு வந்தது. மாமனார் எதற்கும் ஒரு வார்த்தை அவனைக் கேட்டார். முன்பு வாயளவில் இருந்த மரியாதை இப்போது அவர் மனசிலிருந்தே வருவது அவனுக்குத் தெரிந்தது. யார் வந்தாலும் அவர், "எங்க வீட்டுக் குழியைக் கெடுத்தது அழுக்கில்ல, சுத்தம்" என்று ஆரம்பித்து முழுக்கதையையும் சொல்வார். வந்தவர்கள் சிரிப்பார்கள். மாமியார் அடுப்படியில் நின்று கேட்டுக்கொண்டிருப்பாள். முதலில் சில தடவை, "மருந்துன்னுதானே சொன்னாங்க" என்று மெதுவாகச் சொன்னாள். பிறகு அதையும் விட்டுவிட்டாள். மாப்பிள்ளை அந்த நேரங்களில் குழந்தையைத் தூக்கிக்கொண்டு வெளியே போய்விடுவான்.

பால் அறைக்குள் போகாதே என்று அவளிடம் யாரும் சொல்லவில்லை. மாமனார் தானே கேன் கழுவ ஆரம்பித்தார், அவ்வளவுதான். அவருக்குக் கழுவத் தெரியாது. ஒருநாள் பால் வண்டிக்காரர் மூடியைத் திறந்து மோந்து பார்த்துவிட்டு ஒரு கேனை இறக்கி வைத்தார். அந்த வீட்டுக் கேன் திரும்பியது அதுதான் முதல் தடவை. வாசலில் நின்ற மாமியார் அந்தக் கேனையே பார்த்துக்கொண்டிருந்தாள். அதிலிருந்து மகளிடம்கூடக் கேட்காமல் எதையும் செய்வதில்லை என்று வைத்துக்கொண்டாள். தரையைத் துடைக்கட்டுமா, குழந்தை துணியை நனைக்கட்டுமா, இந்த டம்ளரை அலசலாமா. விரல் நுனியில் உரிந்த தோல் ஆறி, கை மற்றவர்கள் கை மாதிரி ஆகிவிட்டது. அதைப் பார்க்கும்போதெல்லாம் மாப்பிள்ளை வேறு பக்கம் திரும்பிக்கொண்டான்.

அடுத்த மழைக்காலம் வந்தது. புல் அறுத்தார்கள். இந்த முறை மாமனார் நன்றாக வாடும்வரை பொறுத்தார், அதற்கும் மாப்பிள்ளையைக் கேட்டுக்கொண்டுதான் பொறுத்தார். அவசரம் டிராக்டரோடு வந்து நின்றார். மாப்பிள்ளை பாக்கெட்டை எடுத்துக்கொண்டு டிரம் இருந்த இடத்துக்குப் போனபோது மாமியார் மட்டும்தான் அங்கே இருந்தாள். வேறு யாரும் இல்லை. இப்போது சொல்லாவிட்டால் எப்போதும் சொல்லமாட்டோம் என்று தோன்றியது.

"அத்தை, உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும். அன்னைக்கு டாக்டர் தண்ணியை மட்டும் சொல்லல. புல்லு ஈரமா இருந்ததும் காரணம்னார். ஈரத்தோட போடலாம்னு சொன்னது நான்தான். அது கிருமின்னு தெரிஞ்சே உங்ககிட்ட மருந்துன்னு பொய் சொன்னதும் நான்தான். உங்களை மாட்டிவிட்டுட்டு நான் தப்பிச்சுக்கிட்டேன்."

மாமியார் அவனைப் பார்த்தாள். கண் நிறைந்துவிட்டது. கோபப்படுவாள் என்று எதிர்பார்த்தான். நாலு கேள்வி கேட்டால் நன்றாக இருக்கும் என்று ஏங்கினான் என்றே சொல்ல வேண்டும்.

"நீங்க ரொம்ப நல்லவர் மாப்பிள்ளை" என்றாள். "என் மனசு நோகக் கூடாதுன்னு எல்லாத்தையும் உங்க தலையில இழுத்துப் போட்டுக்கறீங்க. யாருக்கு வரும் இந்த மனசு?"

"இல்ல அத்தை, நான் நிஜமாத்தான்..."

"இதை அவர்கிட்ட எல்லாம் போய்ச் சொல்லிடாதீங்க. இப்பதான் உங்களுக்குன்னு ஒரு பேரு வந்திருக்கு. எனக்காக அதைக் கெடுத்துக்காதீங்க." முகத்தைத் தோளில் துடைத்துக்கொண்டாள். பிறகு இரண்டு கையையும் பின்னால் கட்டிக்கொண்டு, டிரம்மை விட்டு ஓரடி தள்ளி நின்றாள்.

"தண்ணி அவரே பிடிச்சு வச்சதுதான் மாப்பிள்ளை. நான் கிட்டயே போகல. நீங்க பயப்படாம கலக்குங்க."